இரண்டு ஹார்ன்களும் ஒரு சுவரும்

ஜம்பு மாமா உலகத்தில் பயப்படுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டு ஹாலின் மேற்குச் சுவர்.

சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய நாற்காலி. அந்தப் பக்கம் பஞ்சு மாமாவின் படுக்கையறை. சாயங்காலம் விளக்கேற்றியதும் ஜம்பு மாமா நாற்காலியில் சாய்ந்து, எதிரே இருக்கும் இரண்டு பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்களிலிருந்து ஏதாவது ஒரு கச்சேரியைக் கேட்க ஆரம்பிப்பார். பாடகர் ராகத்தை எடுத்துக்கொண்டு நாலு அடி நடப்பதற்குள், மாமாவின் பின்னந்தலைக்கு நேராக அந்தப் பக்கத்திலிருந்து மூன்று குத்து விழும். டம் டம் டம். வேகமாக, ஈவு இரக்கம் இல்லாமல். மாமா எழுந்து போய்க் குமிழைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வருவார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இது எங்கள் மாடியில் நடக்கிற நித்திய பூஜை.

மாடுங்காவில் எங்கள் கட்டடம். மூன்றாம் மாடியில் மூன்று வீடு. ஒன்று ஜம்பு மாமாவும் விசாலாக்ஷி மாமியும். இன்னொன்று பஞ்சு மாமாவும் அவர் பெண் சுஷ்மாவும். எதிரில் நான், பத்மஜா. தனியாள். காட்கோபரில் ஒரு கம்பெனியில் அக்கௌண்ட்ஸ் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று மூன்று வீட்டிலும் சொல்வார்கள், என் வீட்டையும் சேர்த்து.

ஜம்பு மாமா ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ரிடையர் ஆனவர். அதில் அவருக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. ஆபீஸ் என்பது உடம்பைக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பி எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் மட்டும்தான். அவருடைய உண்மையான உத்தியோகம் காதில் இருந்தது. மாடிப்படியில் ஏறும்போதே எந்த வீட்டுக் குக்கர், எத்தனையாவது விசில் என்று சொல்வார். லோக்கல் ட்ரெயின் வளைவில் திரும்பும் சத்தத்துக்கு ஒரு சுருதி உண்டு என்று சொல்லி, விசாலாக்ஷி மாமியைத் தாதர் பிளாட்பாரத்தில் நிற்கவைத்து அதைப் பாடிக் காட்டியிருக்கிறார். கல்யாணமான புதிதில் நடந்தது. மாமி இன்னும் மன்னிக்கவில்லை.

அவரும் பஞ்சு மாமாவும் சின்ன வயதிலிருந்து சிநேகிதர்கள். எங்கள் பக்கத்துச் சின்ன சபா ஒன்றில் இரண்டு பேரும் சம்பளமில்லாத மைக் உத்தியோகம் பார்த்தார்கள். பஞ்சு மாமா மேடைக்குப் பக்கத்தில் பெட்டியும் குமிழுமாக உட்கார்ந்திருப்பார். ஜம்பு மாமா கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி நிற்பார். மேடையிலிருக்கும் பாடகர் 'ஏத்து, ஏத்து' என்று விரலை மேலே மேலே காட்டுவார். பஞ்சு மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கடைசி வரிசையிலிருந்து ஜம்பு மாமா ஆள்காட்டி விரலைத் தூக்கினால்தான் குமிழ் ஏறும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறங்கும். இதனால் கோபித்துக்கொண்டு போன வித்வான்கள் உண்டு. ஆனால் கடைசி வரிசைக்காரன் ஒருத்தனும் கேட்கவில்லை என்று புகார் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட சிநேகிதத்துக்கு நடுவில்தான் ஹார்ன்கள் வந்தன. பரேல் பக்கம் ஒரு பழைய சினிமா தியேட்டரை இடித்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர்களைக் காயலான் கடைக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜம்பு மாமா ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினார். திரும்பி வரும்போது ஒரு கைவண்டியும், அதன் மேல் ஆள் உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகளும், அவற்றின் மேல் வைக்க வேண்டிய இரண்டு இரும்பு ஹார்ன்களும் கூட வந்தன. வாய் அகன்ற ஹார்ன்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு சுருங்கிக்கொண்டே போய் எங்கோ ஒரு புள்ளியில் மறையும். மாமி வாசலில் நின்று பார்த்தாள்.

"இதை வெச்சா நாம எங்கே உட்காரறது?" என்றாள்.

"எதிர்க்க" என்றார் மாமா.

இடமில்லாத வீட்டில் மாமி அவற்றுக்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்தாள். நவராத்திரிக்கு மரப்பெட்டிகளின் மேல் பட்டுத்துணி விரித்துக் கொலுவின் மேல்படி ஆக்கினாள். தசாவதாரம் ஒரு பெட்டியில், செட்டியார் கடை ஒரு பெட்டியில். மற்ற நாளெல்லாம் அவை மாமாவுடையவை.

அந்த ஹார்ன்கள் பாடுவதைச் சொல்ல வேண்டும். சின்ன வால்வ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை மாமா அவற்றோடு சேர்த்திருந்தார். ஒரு குண்டு பல்பு எரிகிற மின்சாரம்கூட அதற்கு வேண்டாம். அதிலேயே ஹால் நிறைந்துவிடும். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் கை விழுந்தால் நம் நெஞ்சில் விழும். நாகஸ்வரம் என்றால் ஜன்னல் கம்பி அதிரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்பேன். மழைக்காலத்து மத்தியானம், வெளியே சாம்பல் வெளிச்சம், கண்ணை மூடினால் அந்த இரும்பு வாய்களிலிருந்து ஒரு காம்போதி எழுந்து வந்து தோளில் கை வைத்து, 'சாப்பிட்டாயா' என்று கேட்கும். சிரிக்க வேண்டாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. பத்து மணிநேரம் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற ஒருத்திக்கு, எழுந்து வந்து விசாரிக்கிற ஒரு குரல் வேண்டித்தான் இருக்கிறது.

ஆனால் ஹார்ன் நாற்காலியோடு நிற்கவில்லை. நாற்காலியைத் தாண்டிச் சுவருக்குள் போயிற்று. சுஷ்மா பன்னிரண்டாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம். பஞ்சு மாமா மாடிப்படியில் ஜம்பு மாமாவை நிறுத்தி, பரீட்சை முடிகிறவரை சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"சத்தம் இல்லைடா, சங்கீதம்."

"சுவத்தைத் தாண்டி வரச்சே எல்லாம் சத்தம்தான்."

"நோக்குக் காது போயிடுத்து" என்றார் ஜம்பு மாமா. மைக் பெட்டிக்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை. கட்டடத்துக்காரர்களின் அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் பஞ்சு மாமா எழுந்து, எல்லோர் முன்னாலும், தான் தியேட்டருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதாகவும், டிக்கெட் வாங்காமல் படம் பார்க்க நேர்வதற்கு மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகத்தானே சொன்னார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பாக்கி எல்லாம் சுவர் மூலமாகத்தான்.

இந்த வருஷம் மழை தொடங்கின வாரத்தில் பஞ்சு மாமா பாத்ரூமில் விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் மாடிக்குத் தூக்கி வந்தபோது, ஜம்பு மாமா தன் வீட்டுக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வாசலில் நின்று அவரைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

அதன்பிறகு சில நாட்கள் அவர் எதையும் கேட்கவில்லை. மாமி தினமும் ரசமோ கஞ்சியோ கொண்டுபோய் அடுத்த வீட்டுச் சமையலறையில் கொடுத்துவிட்டு வருவாள். மாமா மட்டும் போகவில்லை. ஒருநாள் வாசல்வரை போனார். பகலில் பார்த்துக்கொள்கிற மராட்டிக்கார ஆயா, ஸாப் தூங்குகிறார் என்றாள். அதையே சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

"என்ன மூஞ்சியை வெச்சுண்டு போறது, பத்மஜா? காது போயிடுத்துன்னு சொன்னவன் நான். இப்போ பேச்சே போயிடுத்து அவனுக்கு" என்றார் என்னிடம்.

ஒரு சாயங்காலம் பொறுக்காமல் ஹார்னைப் போட்டார், மிகவும் மெதுவாக. பல்லவி ஆரம்பித்திருக்கும். சுவரில் ஒரு குத்து. டம். முன்னைப் போல வேகம் இல்லை. சோர்ந்துபோன ஒரே ஒரு அடி. அடுத்த அடிக்குக் காத்திராமல் மாமா பாய்ந்து போய் அணைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. ஒரு டம், உடனே நிசப்தம்.

"பாவம், கோபப்படக்கூடத் தெம்பில்லே அவனுக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. "பத்மஜா, நான் இந்தத் தியேட்டரைக் காலி பண்ணிடறேன். அவன் இருக்கற வரைக்கும் நிம்மதியா தூங்கட்டும். இதைக் காலி பண்ணினப்புறமாவது அவனாத்துக்குள்ளே காலை வைக்க எனக்கு யோக்யதை வரும்."

விஷயம் இவ்வளவுதான். ஒரு மனிதர் சிநேகிதனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராமல், தன்னிடம் இருப்பதிலேயே பெரியதைக் கொடுத்துவிட முடிவு செய்தார்.

மாமாவின் பிள்ளை நகுல் கோபர்கைரனேயில் இருக்கிறான். அவனிடம் பிளேனார் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருந்தது. குழந்தை தவழ ஆரம்பித்ததும் அவற்றை யாரிடமாவது தள்ளிவிட வழி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை டெம்போ வைத்துக் கொண்டுவந்துவிட்டான். கதவைப்போல உயரம், கதவைவிட மெலிசு. பெட்டி கிடையாது, கூம்பு கிடையாது. ஒரு சட்டத்துக்குள் தோல் போல இழுத்துக் கட்டிய மெல்லிய பிலிம், அதன் மேல் முடி மாதிரி கம்பிகள், பக்கத்தில் காந்தங்கள், எல்லாவற்றையும் மூடிச் சாம்பல் துணி. அந்த பிலிம் முழுவதும் ஒன்றாக அசைந்து பாடுமாம். முன்பக்கம் எவ்வளவு பாடுமோ, பின்பக்கமும் அவ்வளவு பாடுமாம். அதனால் சுவரை ஒட்டி வைக்கக்கூடாது, மூன்றடி முன்னால் இழுத்து வைக்க வேண்டும். மாடுங்காவில் மூன்றடி என்பது ஒரு ஆள் படுக்கிற இடம் என்பது அதைச் செய்த கம்பெனிக்குத் தெரியாது போலிருக்கிறது. மாமி அவற்றை ஸ்கிரீன் என்று நினைத்து, ஒன்றின் மேல் ஈரத்துண்டை உலர்த்தினாள். நகுல் அலறாத குறை.

"அம்மா, யே கபடா ஸுகானே கா ஸ்டாண்ட் நஹி ஹை, துணி காயப்போடற ஸ்டாண்ட் இல்லே இது. பத்தாயிரம் தடவை சொல்லணுமா?"

"ஒரு தடவைகூடச் சொல்லல்லையேடா" என்றாள் மாமி.

அன்று மத்தியானம் நான்கு ஸ்பீக்கர்களும் ஹாலில் இருந்தன. மனிதர்கள் பக்கவாட்டில் நடந்தோம். ஒரே கச்சேரியை முதலில் ஹார்னிலும் பிறகு பிளேனாரிலும் மாற்றி மாற்றிக் கேட்டோம். ஞாயிறு மத்தியானம் பஞ்சு மாமாவை சுஷ்மா பிசியோதெரபிக்கு அழைத்துப் போவாள், அதனால் சுவரைப் பற்றிப் பயமில்லை.

ஹார்னில் அந்தப் பாடகி நடு ஹாலுக்கு வந்து நின்று பாடினாள். குரலில் கொஞ்சம் இரும்பு வாசனை இருந்தது, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிடுவதுபோல. ஆனால் கூப்பிடுவது நம்மைத்தான். சமையலறையில் இருந்த மாமியையும், மாடிப்படியில் போகிறவர்களையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

பிளேனாருக்கு நகுல் ஒரு தடியான ஆம்ப்ளிஃபையரையும் கொண்டுவந்திருந்தான். எவ்வளவு மின்சாரம் ஊற்றினாலும் அது அடக்கமாகத்தான் பேசும். முதலில் ஒன்றுமே பாடவில்லை என்று நினைத்தேன். பிறகு நகுல் என்னை நாற்காலியில் சரியான இடத்தில் உட்காரவைத்தான். அவ்வளவுதான், ஸ்பீக்கர் இரண்டும் காணாமல் போயின. எதிர்ச் சுவர் கரைந்துபோய் அந்த இடத்தில் ஒரு கூடம் திறந்தது. அதில் தம்பூராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாக நின்றன. பாடகி வரிக்கு நடுவில் எச்சில் விழுங்கினாள். அவளுடைய பட்டுப்புடவை கசங்குவது கேட்டது. சஹானா ராகம் ஒரு வாசனை மாதிரி வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாமல். மிருதங்கத்துக்கு மட்டும் நெஞ்சில் அடிக்கிற தைரியம் இல்லை. எனக்கு எழுந்திருக்க மனமே வரவில்லை. தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தேன், கூடம் மூடிக்கொண்டது. நேராக வைத்தேன், திறந்தது. ஒரே ஒரு நாற்காலிக்கான சொர்க்கம் அது.

ஜம்பு மாமா வெகுநேரம் அந்த நாற்காலியில் கண்ணை மூடி இருந்தார். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பழுக்கு சொல்லறதுக்கில்லே. இதுதான் நிஜம்" என்றார். பிறகு ஹார்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுல அவா நம்மாத்துக்கு வரா. இதுல நாம அவாத்துக்குப் போகணும். என்னைமாதிரிக் கிழவனுக்கு யாராவது வந்தாத் தேவலை. போறது, பஞ்சுவுக்கு நல்லதுன்னா சரி."

தாராவியில் மைக் செட் வைத்திருக்கும் இசக்கிதுரையை மாமாவுக்குச் சபா நாட்களிலிருந்து தெரியும். ஹார்ன்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது.

அந்த ஒரு வாரம் மாமா பிளேனாரில் கேட்டார். அது வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. எதிர்வீட்டில் இருக்கிற எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் சுவர் அடித்தது. டம். மாமா குமிழை இறக்கினார். மறுபடி டம். இன்னும் இறக்கினார். வியாழக்கிழமை மாடிப்படியில் சுஷ்மாவைப் பார்த்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"சாயங்காலம் ஆனாலே அப்பா ரெஸ்ட்லெஸ் ஆயிடறாராம், மாமா. நான் ஆபீஸ்லேர்ந்து வரச்சே முகத்தைத் திருப்பிண்டு படுத்திருக்கார். ரெண்டு நாளா சாப்பாடும் சரியா எறங்கல்லே" என்றாள்.

ஜம்பு மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இதைவிட எப்படிக் குறைப்பது? எனக்குப் பஞ்சு மாமாவின் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளிதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு மனிதன் மூச்சுவிடுகிற சத்தத்துக்குமா சுவரை இடிப்பது? இந்தக் கட்டடத்தில் பிரஷர் குக்கர் ஊதலாம், மேல்வீட்டில் கட்டிலை இழுக்கலாம், ஜம்பு மாமாவின் சஹானா மட்டும் கூடாதா? மாமியிடம் சொல்லிப் பொருமினேன். மாமி ரசத்தைத் தூக்கில் ஊற்றினாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இசக்கிதுரை இரண்டு ஆட்களோடு வந்தார். மரப்பெட்டிகளையும் ஹார்ன்களையும் கயிறு கட்டி வெளியே எடுத்து மாடிப்படி முகப்பில் வைத்தார்கள்.

"கோயில் கொடைத் திருநாளுக்குக் கட்டுத கொழா ஸ்பீக்கர் மாதிரி இருக்கும்னுல்லா நெனச்சேன். இது என்ன சார் இந்தக் கனம் கனக்கு" என்றார் இசக்கிதுரை. ஒரு ஹார்னின் வாயை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "கொடைக்கெல்லாம் இதத் தர மாட்டேன், பாத்துக்கிடுங்க. வீட்டுல வச்சு நான் மட்டும் கேக்கதுக்கு."

கீழே இறக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க வெள்ளை. டெம்போவில் தார்ப்பாய் இல்லை. மழை விடட்டும் என்று எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். மாமி காபி கொடுத்தாள். வெளிச்சம் மங்கி, மாமி விளக்கையும் ஏற்றினாள். ஹார்ன்கள் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இரண்டு சதுரமாகத் தெரிந்தது. பழக்கத்தில் ஜம்பு மாமா எழுந்து பிளேனாரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மழைச் சத்தத்தில் அது பாடுவதே தெரியவில்லை.

டம்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்துபோய், இறக்கவில்லை, அடியோடு அணைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார்.

"போதுமாடா" என்றார் சுவரிடம், மெதுவாக.

மழை கொஞ்சம் தணிந்தது. பாட்டு இல்லை, ஹார்ன் இல்லை, அணைக்க இனி ஒன்றுமே பாக்கி இல்லை. அப்போதும் சுவர் நிற்கவில்லை.

டம். அதற்குப் பின் காதில் விழுமோ விழாதோ என்று சின்னதாக ஏதோ மூன்று. மறுபடி டம். கொஞ்சம் இடைவெளி. டம். மறுபடி இடைவெளி.

ஜம்பு மாமாவின் வலது கை அவர் தொடையின் மேல் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கை தானாக எழுந்தது. சுவர் அடித்தபோது தொடையில் அடித்தது. சின்னச் சத்தங்களுக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக மடங்கின. அடுத்த டம்முக்கு மறுபடி அடி, இடைவெளிக்கு வீச்சு. அடுத்ததற்கு அடி, வீச்சு. கைக்குத் தெரிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரில் காதை வைத்தார். எத்தனையோ ஸ்பீக்கர்களைக் கேட்ட காது, சுண்ணாம்பு உதிர்கிற ஒரு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"விசாலம்" என்றார், திரும்பாமல். "ஆதி தாளம். அவன் தாளம் போடறான்."

மாமி காபி டவராவைக் கீழே வைத்தாள். "கோபத்துல இடிக்கறார்னு நீங்கதானே சொன்னேள்?"

"ஒரு அடியிலேயே அணைச்சுட்டேன், இல்லேன்னா குமிழுக்கு ஓடிட்டேனேடி. மிச்சத்தை எங்கே கேட்டேன்? மிருதங்கக்காரன் அரை மாத்திரை தப்பினாச் சொல்லுவேன் நான். இதைக் கேக்கல்லே."

செருப்புக்கூடப் போடாமல் போனார். நாங்களும் பின்னால் போனோம். ஆயா கதவைத் திறந்தாள். காதில் மொபைலின் ஒயர் தொங்கியது. மாமா இந்தத் தடவை கேட்கவில்லை, நேராக உள்ளே போய்விட்டார்.

கட்டில், ஜன்னலோரம் இருக்க வேண்டியது, சுவரை ஒட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஸாப் இடது கையால் காட்டிக்காட்டி இங்கே இழுக்கச் சொன்னார் என்றாள் ஆயா; மின்விசிறிக்காக என்று அவள் நினைத்திருந்தாள். பஞ்சு மாமா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவருடைய இடது உள்ளங்கை சுவரில் இருந்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் தேய்ந்து பளபளத்தது.

காலடி கேட்டுத் தலையைத் திருப்பினார். ஜம்பு மாமாவைப் பார்த்தார். பாதி முகம்தான் அசைந்தது.

ஜம்பு மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பஞ்சு, நோக்குத் தொந்தரவா இருக்குன்னு நெனச்சேண்டா. ஹார்னை எடுத்துண்டு போகச் சொல்லிட்டேன். வெளியில படியண்டை வெச்சிருக்கா" என்றார். "நீ என்னடா வேணுங்கறே, சொல்லேன்."

சொல்ல முடியாதவரிடம் சொல்லச் சொல்கிறார். பஞ்சு மாமாவின் வாய் ஏதோ செய்யப் பார்த்தது. பிறகு அந்த முயற்சியை விட்டுவிட்டார். இடது கையைச் சுவரிலிருந்து எடுத்தார். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மேலே காட்டினார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மேலே.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. ஜம்பு மாமாவுக்கு அதுவும் ஆகவில்லை. சபாவில் அத்தனை வருஷமும் கடைசி வரிசையில் நின்று காட்டினவர் அவர். இன்றைக்குக் கடைசி வரிசையில் இருப்பது பஞ்சு மாமா.

"ஏத்தறேண்டா" என்றார் ஜம்பு மாமா. "ஏத்தறேன்."

சிநேகிதனின் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் போவதில்லை.

வெளியே வந்தபோது இசக்கிதுரை ஏற்கெனவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாக எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"உள்ளயே வச்சிருவோம் சார்" என்றார்.

"உனக்குத்தான் தரேன்னு சொல்லிட்டேனே, இசக்கி."

"நான் வந்து கேட்டுக்கிடுதேன். தாராவி என்ன அமெரிக்காவா."

பெட்டிகள் பழைய சதுரங்களில் போய் உட்கார்ந்தன. ஹார்ன்களை மேலே ஏற்றி, ஒயரை முடுக்கி, வால்வ்கள் சூடேறி ஆரஞ்சு நிறம் வரக் காத்திருந்தோம். பிளேனாருக்கு இடமில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் முன்னமே ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அவை என் வீட்டில்தான் இருக்கின்றன, சுவரைவிட்டு மூன்றடி தள்ளி. எனக்கு இருப்பது ஒரே நாற்காலி. மழைநாட்களில் அந்தக் கூடம் திறக்கும்போது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். யாரையும் கூப்பிடுகிற சங்கீதம் அல்ல அது, ஆனாலும் எனக்குப் போதும். ஹார்னா, பிளேனாரா, இரண்டில் எது உசத்தி என்று வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் மாமா அதே காம்போதியைப் போட்டார். குமிழைப் பாதிக்கு ஏற்றினார். இரும்பு வாய்கள் மூச்சு இழுத்தன. பாட்டு எழுந்து, எங்கள் தலைகளைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டிச் சுவருக்குள் நுழைந்தது. பல்லவி தொடங்குகிற இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

டம். சரியாகத் தாளத்தின் முதல் அடியில், சமத்தில்.

ஜம்பு மாமா தலையைப் பின்னால் சாய்த்துச் சுவரில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் அவர் தலை, அந்தப் பக்கம் அந்தக் கை. ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் சுவர் அவர் பின்னந்தலையில் தாளம் போட்டது. அவர் முகம் தூங்குகிற குழந்தையின் முகமாகிவிட்டது. தனி ஆவர்த்தனம் வந்தபோது சந்தோஷம் தாங்காமல் எழுந்துபோய்க் குமிழை இன்னும் ஏற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இசக்கிதுரையின் ஆட்கள் சிரித்தார்கள்.

சுவரில் மூன்று குத்து விழுந்தது. டம் டம் டம். வேகமாக, ஈவு இரக்கம் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு வருஷம் நாங்கள் கேட்ட அதே குத்து.

"சத்தம் ஜாஸ்தியாம்" என்றார் ஜம்பு மாமா. உள்ளங்கையைச் சுவரைப் பார்த்துக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, குமிழை இறக்கப் போனார்.